மீட்டமை என்றொரு பொத்தான்

மார்ச் 3, செவ்வாய்

நேற்று பக்கம் வெளியே போய்விட்டது. இன்று பல் விளக்குவதற்கு முன்பே அதைத் திறந்து பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் என்று கைத்தொழில் செய்கிறவர்கள் வருடா வருடம் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றார்கள். இனி கவுண்டர் கிடையாது, வலைப்பக்கம்தான். அந்தப் பக்கத்தை வடிவமைத்தது நான். மேலே ஒரு நீல அலை மெதுவாக அசையும். அதன் கீழே இருபத்திரண்டு கேள்விகள், மெல்லிய சாம்பல் எழுத்தில், கசங்காத சட்டை மாதிரி. ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. அனுப்புவதற்கு 'சமர்ப்பி'. எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க 'மீட்டமை'. தேடித் தேடிப் போட்ட சொற்கள்.

முதலாளி கேக் வாங்கி வந்தார். வெட்டிக்கொண்டே, "அலை இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கலாம்" என்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. நிரல் எழுதுகிறவருக்கு 'அப்புறம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது.

தம்பிக்கு ஃபோன் செய்தேன். பிளம்பர்தானே, அவனுக்கும் உரிமம் முடிந்துவிட்டது, இந்த மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். "பாத்தியாடா என் பக்கத்தை?" "பாத்தேன் பாத்தேன். சூப்பர்." பாராட்டுவதில் அவன் என்றைக்கும் இரண்டு வார்த்தையைத் தாண்டியதில்லை.

மார்ச் 5, வியாழன்

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் என் வேலையை விளக்கியிருக்கிறாள். "கம்ப்யூட்டர்ல கட்டம் போடுவா. ஜனங்க வந்து அதுல எழுதுவாங்க." பத்து வருட உழைப்பு, இரண்டு வரியில் முடிந்தது.

மார்ச் 9, திங்கள்

உரிம அலுவலகத்து அதிகாரி அழைத்தார். குரலே சரியில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அனுப்பியவர்கள் முப்பத்தெட்டு பேர்.

"ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல மேடம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம்!

வந்த முப்பத்தெட்டையும் அனுப்பி வைத்தார். 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். எங்கோ பார்த்த ஒரு படிவத்திலிருந்து எடுத்தது. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஆனாலும் நிரப்பாமல் மேலே போக முடியாது. ஒருவர் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். ஒருவர் 'மனைவியைக் கேட்கவும்'. ஒரு வெல்டர் 'நல்ல குடும்பம்' என்று எழுதியிருக்கிறார். எங்கள் அலுவலகமே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

மார்ச் 11, புதன்

தம்பிக்கு யோகம் அடித்திருக்கிறது. புது மருத்துவமனைக் கட்டடம், ஆறு மாடி, குழாய் வேலை முழுவதும் அவனுக்குத்தான் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். இதுவரை அவன் பார்த்ததெல்லாம் ஒழுகும் குழாயும் அடைத்த தொட்டியும்தான். ஒரே ஒரு நிபந்தனை: புதுப்பித்த உரிம எண்ணை முப்பத்தொன்றாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"புதுப்பிச்சுட்டியாடா?"

"ஆச்சு ஆச்சு."

மார்ச் 12, வியாழன்

ஒரு விசித்திரம். எந்தப் பொத்தான் எத்தனை தடவை அமுக்கப்பட்டது என்ற கணக்கை 'அப்புறம்' எடுத்துக் காட்டினார். 'மீட்டமை' மட்டும் தொள்ளாயிரத்து மூன்று தடவை! இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் தாங்களே அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் திரும்பத் திரும்ப.

"சுத்தம் சுகாதாரம் பாக்குறாங்க போல" என்றார் அப்புறம். என்னவென்று பார்க்கலாமா என்றேன். "அப்புறம் பாக்கலாம்."

மார்ச் 14, சனி

பார்க்கக் கூடாதுதான். பார்த்துவிட்டேன். அனுப்பியவர்கள் பட்டியலில் தம்பியின் உரிம எண் இல்லை. திறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறது, பதினொரு தடவை. ஆச்சு ஆச்சு என்றானே, திருட்டுப் பயல்! நாளை நேரில் போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். அவனும் அம்மாவும் இருக்கிற வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அவன் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். "பொய் சொன்னியா?" என்றேன் எடுத்த எடுப்பில். மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தான். "நீயே பாரு. உன் பக்கம் என்னைப் போட்டு வாட்டுது."

எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். நான் செய்த ஒரு பக்கத்தை ஒரு மனிதன் பயன்படுத்துவதை இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். வெட்கக்கேடு.

விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தான். மேலே அலை அசைய அசைய, கண் அங்கே போய்த் திரும்பி வந்து மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கியது. ஏழாவது கேள்வியில் 'அமர்வு காலாவதியானது' என்று வந்து எல்லாம் மறைந்தது. பாதுகாப்புக்காகப் பத்து நிமிடத்தில் பக்கம் தானாக மூடிக்கொள்ளும்படி வைத்திருந்தோம்.

"காலாவதின்னா மாத்திரைக்குத்தானே போடுவாங்க? உக்காந்திருக்கறது நான். நான் காலாவதியாயிட்டேனா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த முறை என் உதவியில்லாமல் வேகம் வேகமாக நிரப்பினான். பதினொரு தடவை எழுதியதில் பாதி மனப்பாடம் ஆகியிருந்தது. கடைசிக்கு வந்தான். இரண்டு பொத்தான்கள். கொஞ்சமும் தயங்காமல் 'மீட்டமை'யை அமுக்கினான். அத்தனையும் போயிற்று.

"பாத்தியா? ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்."

"டேய், ஏன்டா அதை அமுக்கின?"

"வேற எதை அமுக்கறது? லைசன்ஸ் முடிஞ்சு போச்சு. அதை மீட்கணும். மீட்டு அமைன்னு நீதானே எழுதியிருக்க?"

முடிந்துபோன உரிமத்தை மீட்க வந்தவனுக்கு முன்னால் 'மீட்டமை' என்று ஒரு பொத்தானை வைத்தது நான்தானே. தமிழ் தெரிந்தவன் வேறு எதை அமுக்குவான்? தொள்ளாயிரத்து மூன்று தடவையும் அவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

"அப்போ சமர்ப்பின்னா?"

"அது மேடையில மைக்கைப் புடிச்சவங்க சொல்றது. இந்த விருதை என் அம்மாவுக்குச் சமர்ப்பிக்கிறேன்னு. எனக்கு எதுக்கு அது?"

உள்ளே இருந்து அம்மா, "எனக்கு என்னடா விருது?" என்றாள்.

"தள்ளு, நான் போடுறேன். ரெண்டு நிமிஷம்" என்று கையை நீட்டினேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். முகம் மாறிவிட்டது.

"நீ எனக்குப் போட்டுருவ. சைட்ல என் கூட நிக்கறவனுங்களுக்கு? அவனவனுக்கு வீட்ல அக்கா இருக்காளா, கட்டம் போடுறவ?"

பிறகு குரலை இறக்கி, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னான். "எழுத்து எனக்கு நிக்காதுக்கா. ஒரு வரியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள முதல் வார்த்தை எழுந்து போயிடும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாத."

எனக்கே தெரியாது. கூடப் பிறந்தவள். அவன் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, சோம்பேறி, சோம்பேறி என்று திட்டியே வளர்த்தவள். சோம்பேறி எங்காவது ஒரே படிவத்தைப் பதினொரு தடவை நிரப்புவானா? வரும் வழியில் அழுகையாக வந்தது. தெருவில் யார் பார்த்தால் என்ன, அழுதுகொண்டேதான் வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

பளபளாவோடு சண்டை. தம்பி என்று சொல்லவில்லை, ஒரு பிளம்பர் என்றேன்.

"பிளம்பருங்க தப்பா அமுக்கினா நாம என்னம்மா பண்றது?"

"ஒருத்தர் தப்பா அமுக்கினா அவர் தப்பு சார். இத்தனை பேர் ஒரே மாதிரி அமுக்கினா நம்ம தப்பு."

அலையை எடுக்க மட்டும் ஒப்பவில்லை. அதைப் பெற்று வளர்த்தவர் மாதிரி பேசினார். ஆனால் 'அப்புறம்' எழுந்து போய், யாரையும் கேட்காமல் 'மீட்டமை' பொத்தானை எடுத்துவிட்டு வந்தார். நாலு நிமிடம். அவர் ஒரு வேலையை உடனே செய்து இன்றுதான் பார்க்கிறேன். காய்ச்சலா என்று கேட்டேன்.

மற்ற சொற்களையும் கேள்விகளையும் மாற்ற அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

அதிகாரியைப் பார்த்தேன். பக்கத்தின் தலைப்பே பதினாறு சொல்: 'தங்களது தொழில்முறை உரிமத்தினைப் புதுப்பித்தல் பொருட்டு…' என்று தொடங்கி எங்கோ போய் முடியும். "அது விதியில இருக்கற வாசகம்மா. தொடக்கூடாது" என்றார்.

வாதாடவில்லை. "மேடம், நீங்களே ஒரு தடவை நிரப்பிப் பாருங்களேன். உங்க ஃபோன்ல. ஜன்னல் பக்கமா நின்னுக்கிட்டு."

சிரித்துக்கொண்டே தொடங்கினார். வெயிலில் சாம்பல் எழுத்து தெரியவில்லை. ஃபோனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி தலைமேல் இருந்தது. இரண்டாவது கேள்வி குடும்பப் பெயர். அவர் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்துதான். அதைப் போட்டார். 'குறைந்தது மூன்று எழுத்துகள் தேவை' என்று சிவப்பில் வந்தது.

"எங்க அப்பா எனக்குக் குடுத்தது ஒரு எழுத்துதான்மா! மிச்ச ரெண்டுக்கு நான் எங்க போவேன்?"

அந்த அறைக்கு வெளியே உட்காரும் டெலிஃபோன் ஆபரேட்டருக்குக் கண் தெரியாது. ஃபோன் பக்கத்தைப் படித்துச் சொல்ல, காதால் கேட்பவர். சத்தம் கேட்டு உள்ளே வந்தார். "நானும் ஒரு நாள் திறந்து பாத்தேன் மேடம். அதுல கடல் இருக்கா? அலை, அலை, அலைன்னு பதினாலு தடவை சொல்லிச்சு. கேள்வி வரதுக்குள்ள என் காதுல தண்ணி புகுந்திருச்சு."

அசையும் அலையைப் பதினாலு படமாக வெட்டி ஒட்டியிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் 'அலை' என்று பெயர். வேறு என்ன சொல்லும் அந்த ஃபோன்?

அதிகாரி ஃபோனை மேசைமேல் வைத்தார். பிறகு, "மாத்துங்க. எல்லாத்தையும் மாத்துங்க. விதியை நான் பாத்துக்கறேன்" என்றார். புதுப்பிக்கும் கெடுவை நீட்டிக்க மட்டும் அவர் கையில் அதிகாரம் இல்லையாம். முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்றுதான். இருப்பது பதினாலு நாள்.

மார்ச் 18, புதன்

அலை போயிற்று. பளபளா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

சேர்ப்பது சுகம். எடுப்பதுதான் உயிரை வாங்குகிறது. இருபத்திரண்டு கேள்வியில் பதின்மூன்றுக்கு உரிம அலுவலகத்திடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது. பின் எதற்குக் கேட்டோம்? வந்தவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது ஒரு மரியாதை என்று நினைத்திருப்போம் போல. ஒன்பதில் நிறுத்தினேன். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். ஒரு பக்கத்தில் ஒரே கேள்வி. எவ்வளவு நேரம் ஆனாலும் மூடிக்கொள்ளாது, விட்ட இடத்தில் காத்திருக்கும். தலைப்பு: 'லைசன்ஸைப் புதுப்பிக்க'. பொத்தான் ஒன்றே ஒன்று: 'அனுப்பு'. என் தனித்தமிழ் கொஞ்சம் முனகியது. அதட்டி உட்கார வைத்தேன்.

கடைசியில், விருப்பமிருந்தால் மட்டும் எழுத ஒரு பெட்டி: 'இந்தப் பக்கத்தில் எது கஷ்டமாக இருந்தது?'

டெலிஃபோன் ஆபரேட்டர் கேட்டுப் பார்த்துவிட்டு, "இப்போ தரை காஞ்சிருக்கு" என்றார். விருது கொடுத்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பளபளா பார்த்துவிட்டு, "என்னம்மா, வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்றார். "ஆமா சார்" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

அதிகாரிக்கும் மேலே ஓர் அதிகாரி இருக்கிறாராம். அவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் ஊரில் இல்லையாம்.

மார்ச் 25, புதன்

இன்னும் ஊரில் இல்லை. காண்ட்ராக்டர் தம்பியை இரண்டு தடவை கூப்பிட்டு, "வேற ஆள் ரெடியா இருக்கான், பாத்துக்கோ" என்றாராம். அம்மா சொன்னாள். அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் அழைத்தால், "வேலையா இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறான்.

மார்ச் 26, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியம் பழைய பக்கத்தைத் திறந்து, அவன் விவரம் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். குடும்பப் பெயருக்கு நானும் 'நல்ல குடும்பம்' என்றே போட்டேன். 'சமர்ப்பி'யின் மேல் விரல். அமுக்கினால் முடிந்தது. ஆறு மாடியும் அவனுக்கு. அவனுக்குத் தெரிந்தால்? தெரியாமல் போகுமா? அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, எல்லோரும் தாங்களே நிரப்பும்படி ஒரு பக்கம். அதையும் செய்யாமல், மறுபடியும் அவன் வீட்டுப்பாடத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேனே! முப்பத்தெட்டு வயதில் எனக்குப் புத்தி வர வேண்டாமா?

மூடிவிட்டேன். தப்பு செய்துவிட்டேனோ?

மார்ச் 27, வெள்ளி

கையெழுத்து வந்தது! பதினொரு மணிக்குப் புதுப் பக்கம் போயிற்று. பதினொன்று பத்துக்கு முதல் விண்ணப்பம். மாலைக்குள் எண்பத்தாறு. 'அப்புறம்' எண்ணிக்கையைச் சத்தமாக வாசித்துக்கொண்டே இருந்தார். ஐம்பதைத் தாண்டியதும் பளபளா எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டு, "சிம்பிளா இருக்கறதுதாம்மா அழகு. நான் முதல்லேர்ந்தே சொன்னேன்ல" என்றார். எழுந்து நின்று கும்பிட்டேன்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன், எழுதாமல் குரலில் பேசி. "புதுப் பக்கம் வந்துடுச்சு. நீயே போட்டுக்கோ." பதில் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

இருநூற்று எழுபது. அவன் இல்லை. வீட்டுக்குப் போனேன், அங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் சைட்டுக்குப் போயிருக்கிறான். "என்ன ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?" என்றாள் அம்மா. அவன் பேசவில்லை, நான் பேசுகிறேன் என்றேன். "அது எப்பவும் உள்ளதுதானே" என்றாள்.

மார்ச் 31, செவ்வாய்

மணி மூன்று. ஐந்துக்கு மூடிவிடுவார்கள். இல்லை.

நாலு. இல்லை. ஃபோனும் எடுக்கவில்லை. அழுத்தக்காரன். இவனை என்ன செய்தால் தகும்? இல்லை, என்னைத்தான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமையே அமுக்கித் தொலைத்திருந்தால் —

நாலரை. 'அப்புறம்' கேட்டார், யாருக்காக இப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று. ஒரு பிளம்பருக்காக என்றேன்.

நாலு ஐம்பத்திரண்டு. அவன் எண் வந்துவிட்டது. ஒன்பது பதில், ஒரு சொடுக்கு, ஒரே தடவை. சத்தம் போட்டு அப்புறத்தின் முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். பாவம், டீ சிந்திவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

தம்பி கூப்பிட்டான். "நம்பர் அன்னிக்கே வந்துடுச்சு. சாயந்திரமே காண்ட்ராக்டர்கிட்ட குடுத்துட்டேன். திங்கக்கெழமை வேலை ஆரம்பம்."

"ஏன்டா கடைசி நிமிஷம் வரைக்கும் என்னைச் சாகடிச்ச?"

"வேலை இருந்துச்சுக்கா." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 6, திங்கள்

மொத்தம் அறுநூற்று நாற்பத்தொன்று. கடைசிப் பெட்டியில் எழுதியவற்றை எல்லாம் தொகுத்து ஓர் அறிக்கையாக அதிகாரி கேட்டிருந்தார். காலையிலிருந்து அதே வேலை. நிறையப் பேர் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தன் மகளுக்கு வரன் தேடுவதாகத் தெரிவித்திருக்கிறார். பெரிய இடத்துக்குப் போகிற அறிக்கையாயிற்றே என்று, படித்துக்கொண்டே எல்லோருடைய எழுத்துப் பிழைகளையும் திருத்திக்கொண்டு வந்தேன்.

அப்படியே முப்பத்தொன்றாம் தேதி, நாலு ஐம்பத்திரண்டுக்கு வந்தேன்.

'இந்த பக்கம் பரவா இல்ல. நான் முன்னாடியே முடிசிருப்பேன். சைட்ல ஆரு பேருக்கு சொல்லி குடுத்துட்டு கடசியா எனக்கு போட்டேன். அவங்களுக்கு யாரும் இல்ல. இந்த பெட்டி மட்டும் எதுக்கு. எழுதரவன் கஸ்டம் உங்களுக்கு தெறியுமா.'

இரண்டு தடவை படித்தேன். 'அப்புறம்' என்னைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். அவர் நம்பினாரோ என்னவோ, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

திருத்தக் கை போனது. எடுத்துக்கொண்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, அவன் எழுதியதை எழுதியபடியே வைத்து அனுப்பினேன்.